பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போங்கள்!

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நமது தோட்டத்துப் பிள்ளைகளின் பாடு திண்டாட்டந்தான். அப்பா குலை வெட்டப் போய்விடுகிறார். அம்மா பழம் பொறுக்கவோ மருந்து அடிக்கவோ போய்விடுகிறார். பாட்டி வீட்டில் இருந்தால் சுடுசோறு. இல்லாவிட்டால் காலையில் ஆக்கி வைத்த ஆறின சோறு. மிச்ச நேரம் முழுவதும் கைப்பேசி. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன குடும்பங்களின் நிலையோ இன்னும் மோசம். அங்கே பிள்ளை இறங்கி ஓட மண்ணே இல்லை.

"எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போனீங்களா?" என்று கேட்டால், "தைப்பூசத்துக்குப் பத்துமலை போனோமே, அண்ணே!" என்கிறார்கள். கோயிலுக்குப் போவது நல்லதுதான். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்தில் ஒருநாள் கூட்டத்தில் நசுங்கிவிட்டு வருவதை உல்லாசப் பயணம் என்று எப்படிச் சொல்வது? கேமரன் மலை என்றால் வண்டிச் செலவு, அறை வாடகை. பேரங்காடிக்குப் போனால் பிள்ளை கைநீட்டிக் கேட்டதை வாங்கித் தர முடியாமல், பெற்றவர் மனங்கசந்துதான் திரும்ப வேண்டும்.

ஆகவேதான் இவ்வாரம் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவைப் பற்றி எழுதுகிறோம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத் தோழர்களுக்கு இது மோட்டாரில் போய்வரும் தூரந்தான். ஆனால் இருபது வருடம் அந்தச் சடக்கு வழியே மீன் வாங்கப் போய்வந்தவர்கள்கூட உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. "அதெல்லாம் வெள்ளைக்காரன் பறவை பார்க்க வர்ற இடம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அப்படியல்ல, தோழர்களே! 1940-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால், சிலாங்கூர் மாநில அரசாங்கம் 1987-ல் இந்தச் சதுப்பு நிலத்தைப் பூங்காவாக ஒதுக்கியது. மெலாவாத்தி மலையின் அடிவாரத்தில் தொடங்கிக் கடலோரச் சேறு வரைக்கும் காடு பரந்து கிடக்கிறது. நடுவிலே வெட்டப்பட்ட ஏரி. அதைச் சுற்றி நடக்க மண்கரை. ஏறி நின்று பார்க்கப் பரண்கள். பெரிய விளையாட்டுச் சாதனம், மின்சார ராட்டினம் என்று ஒன்றும் இல்லை. அதனால்தான் பிள்ளைகள் அங்கே "வாங்கிக் கொடு" என்று கேட்பதில்லை!

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஒரு தோட்டத்திலிருந்து சில குடும்பங்களுடன் நாம் போயிருந்தோம். தோட்டத்து வண்டியைக் கேட்டோம். "வண்டி வேலைக்குத்தான், வேடிக்கைக்கு இல்லை" என்று ஆபீசில் பதில் வந்தது. பிறகு பள்ளி வேன் ஓட்டும் தம்பி ஒருவரைப் பிடித்து, ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டுக் கிளம்பினோம். புளிச்சாதம், நெத்திலிச் சம்பல், ஒரு பெரிய தூக்கில் தேத்தண்ணீர். புறப்படும்போதே பாதிப் பெண்களுக்குப் பயம். "காட்டுல பாம்பு இருக்குமே, அண்ணே?" என்றார்கள். செம்பனைக் காட்டில் நாள்தோறும் நல்லபாம்பைத் தாண்டி நடக்கிறவர்களின் கேள்வி இது!

உள்ளே நுழைந்து சிறிது தூரம் போனதும் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தகப்பனாரிடம் கேட்டான்: "அப்பா, இது எந்தக் கம்பெனி தோட்டம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பிறந்ததிலிருந்து பார்த்த மரம் ஒவ்வொன்றும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. வரிசை பிடித்து நட்டது, நம்பர் போட்டது, வயதானால் தள்ளிவிடுவது. யாரும் நடாத மரம், யாரும் குலை வெட்டாத மரம் ஒன்று உண்டென்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? தகப்பனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்பெனி இல்லடா, இது சர்க்கார் காடு. நாமளும் வரலாம்" என்றார்.

அந்த வட்டாரத்துச் சரித்திரத்தை எண்ணிப் பார்த்தால் அவன் கேட்டதில் தவறில்லை. நம் நாட்டில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-ல், அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் அழைக்கப்படும் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரே தமிழ்! நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. காடு வெட்டிக் குழி தோண்டியவர்கள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நூறாண்டுக்கும் மேலாகக் காட்டை அழிக்கிற வேலையே நமக்குக் கொடுக்கப்பட்டது. மிஞ்சியிருக்கிற காட்டைக் காண வருகிற வரிசையில் மட்டும் நம்மைக் காணோம்.

சேற்றிலே நடக்கும் மீன்

கடலோரம் இருப்பது சதுப்புக் காடு. வீடு கட்டும்போது அடியில் இறக்குகிறார்களே, பாக்காவ் கம்பு, அந்த மரம் இங்கேதான் வளர்கிறது. தண்ணீர் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளியே தெரியும் சேற்றில் மற்ற மரமென்றால் வேர் அழுகிச் செத்துப் போகும். பாக்காவ் மரமோ கால்களைப் போல் வேரை மேலிருந்து இறக்கி நிற்கிறது. அதன் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. தாய் மரத்திலேயே முளைத்து, நீண்ட குச்சியாக வளர்ந்து, பிறகு ஈட்டி மாதிரிச் சேற்றில் இறங்குகிறது. இதைச் சொன்னபோது ஓர் அம்மா, "அப்போ வயித்துல வச்சே வளத்துத்தான் கீழ விடுதுன்னு சொல்லுங்க!" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது.

அப்பி-அப்பி என்ற மரம் இன்னொரு விதம். பென்சில்களை நட்டுவைத்தது போல் அதன் வேர் நுனிகள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சு விடுவதற்காக. இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரைக் குடித்து உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது.

பிள்ளைகள் நகர மறுத்த இடம் பெலாச்சாக் மீன் இருக்கும் சேற்றங்கரைதான். விரல் நீள மீன். தண்ணீரை விட்டு வெளியே வந்து, முன் துடுப்புகளைக் கையாக ஊன்றிச் சேற்றில் நடக்கிறது, தாவுகிறது, சண்டை போடுகிறது! உடம்பு ஈரமாக இருக்கிற வரைக்கும் தோலாலேயே மூச்சு விடுமாம். பக்கத்திலேயே ஒற்றைக் கை பெருத்த சின்ன நண்டுகள். ஆண் நண்டுக்குத்தான் அந்தப் பெருங்கை; அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடுகிறது. நம் இளவட்டங்கள் அதைப் பார்த்து யாரையோ பேர் சொல்லிக் கேலி செய்தார்கள். அது இங்கே வேண்டாம்.

வழிகாட்டியாக வந்தவர் ஒரு மலாய்க்காரத் தம்பி. பொறுமைசாலி. நம்முடன் வந்த பாட்டி ஒருவர் நாற்பது வருடம் புல் வெட்டி, மருந்தடித்து ஓய்ந்தவர். சேற்றோரம் வளர்ந்திருந்த பியாய் செடியைக் கண்டதும் அவர் கண்ணில் வெளிச்சம். நம் தோட்டத்துக் காணோரம் பறித்து வதக்குகிற பாக்குக் கீரைக்கு அது சொந்தம். கொழுந்தைக் கிள்ளக் கை நீட்டிவிட்டார். "தா போலே, மாச்சேக்!" என்று தம்பி பதறினார். "பாக்கறதுக்கு மட்டுமா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று பாட்டி முணுமுணுத்தபடி கையை இழுத்துக்கொண்டார். பூங்காவில் இலை, பூ, பிராணி எதையும் எடுத்து வரக்கூடாது என்பது சட்டம். முதலிலேயே வீட்டில் பேசிவைத்துக்கொண்டு போவது நல்லது.

ஆனால் அதே பாட்டிதான் அன்றைக்கு எல்லாருக்கும் வாத்தியாராகவும் ஆனார். ஆந்தையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று லயத்தில் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டல்லவா? செம்பனைக் காட்டில் கம்பெனிக்காரன் எதற்காக ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறான், எலி எப்படிக் குலையைக் கடித்து நாசம் செய்கிறது, ஆந்தை குடியேறிய பெட்டியின் கீழே எலி எலும்பு எப்படிக் குவிந்து கிடக்கும் என்றெல்லாம் பாட்டி விவரித்தார். தகப்பன் ஒருவர் அதை மலாயில் சொல்ல, தம்பி கேட்டுக்கொண்டே நின்றார். படிக்காதவர்கள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம். மரம், மண், பூச்சி, புழு இவற்றோடு ஆயுள் முழுவதும் பழகிய படிப்பு எங்கே போகும்?

செப்டம்பர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரைக்கும் கடற்சேற்றில் வெளியூர்ப் பறவைகள் இறங்குகின்றன. சைபீரியாவின் குளிருக்குத் தப்பி ஆயிரக்கணக்கான மைல் பறந்து வருபவை. வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இந்நாட்டில் அருகிப்போன பால் நாரையையும் தேசிய விலங்கியல் சாலையில் வளர்த்து, இங்கே கொண்டுவந்து பழக்கிப் பறக்கவிட முயன்றார்கள். பறவை பார்க்க விரும்புவோர் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். பெரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு இது ஒரு கஷ்டமா?

வெயில் ஏறியதும் மெலாவாத்தி மலைக்குப் போகலாம். 1784-ல் டச்சுக்காரர்கள் இம்மலைக் கோட்டையைப் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள்; மறுவருடமே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். மலையில் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907-ல் கட்டப்பட்டது. பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. லோத்தோங் குரங்கைத்தான் பார்ப்பார்கள். தாய் சாம்பல் நிறம். மார்பில் தொங்கும் குட்டியோ பளபளக்கும் ஆரஞ்சு நிறம்! சில மாதங்களில் அந்த நிறம் மாறித் தாயைப் போலாகிவிடுகிறது. இது இலை தின்னும் குரங்கு. மாட்டுக்கு இருப்பது போல் இதற்கும் பல அறை கொண்ட வயிறு. ரொட்டியும் மிட்டாயும் கொடுத்தால் அந்த வயிறு கெட்டுப்போகும். அதே மலையில் திரியும் கெரா குரங்கோ கையிலிருக்கும் பையைப் பிடுங்கும் முரடன். இரண்டுக்குமே தீனி போடாமல் இருப்பதுதான் நல்லது.

மின்மினியும் மருந்துத் தண்ணீரும்

இருட்டிய பிறகு கம்போங் குவாந்தான். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூடுகின்றன. லயத்து வாசலில் ஒன்று இரண்டு பறக்கப் பார்த்திருப்பீர்கள். இது வேறு. மரம் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்து, ஒரே நேரத்தில் அணைகிறது. ஒரு விநாடியில் சுமார் மூன்று தடவை! ஆண் பூச்சிகள் பெண்ணைக் கவர்வதற்காகத் தாளம் தப்பாமல் சேர்ந்து மினுக்குகின்றன. அரிசியளவு பூச்சி, அதற்கிருக்கும் ஒற்றுமையில் கால்வாசி நமக்கிருந்தால் சங்கத்துக்கு வேலை குறைந்திருக்கும்! துடுப்புப் போடும் சம்பானில் நான்கு பேராக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மோட்டார்ச் சத்தம் கிடையாது. ஓயாமல் வாயடிக்கும் நம் பிள்ளைகள் அந்த இருட்டிலே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததை நாம் கண்டோம்.

ஆனால் நாம் எழுத நினைத்தது அந்த அழகை மட்டுமல்ல. மின்மினி மரத்திலே பிறப்பதில்லை. ஆற்றங்கரையின் ஈர மண்ணில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு கரையோரத்துச் சின்ன நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் அந்த மண்ணிலேயே வளர்கிறது. பிறகுதான் சிறகு முளைத்து மரத்துக்குப் போய்ச் சில வாரம் வாழ்கிறது. ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையை வழித்துச் செம்பனையும் வாழையும் நட்டால் மின்மினி அழியும். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் காண் வழியே ஓடி ஆற்றில் கலந்தாலும் ஆபத்து. 2000-களின் தொடக்கத்தில் கோல குபு பாருவுக்கு மேலே அணை கட்டப்பட்டபோது ஆற்று நீரின் உப்பளவு மாறிவிடுமோ என்ற கவலையும் எழுந்தது. 2009-ல் மாநில அரசாங்கம் மின்மினி வாழும் ஆற்றங்கரையைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தது.

இந்த விளக்கத்தைக் கேட்டுவிட்டு வேனில் திரும்பும்போது மருந்தடிக்கும் தங்கச்சி ஒருவர் மெல்லக் கேட்டார்: "பூச்சிக்கே ஆகாதுன்னா, தினம் முதுகுல சுமக்கிற எங்களுக்கு எப்படிண்ணே ஆகும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லியை 2002-ல் தடை செய்யத் தொடங்கி, 2006-ல் மீண்டும் அனுமதித்து, 2020 ஜனவரி 1 முதல்தான் அடியோடு தடை செய்தார்கள். அதற்குள் நகம் உரிந்தவர்கள், மூக்கில் இரத்தம் வடிந்தவர்கள், கண் மங்கியவர்கள் எத்தனையோ பேரை நாமே தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். இப்போது அடிக்கும் மருந்துகளுக்கும் கையுறை, முகமூடி, பூட்ஸ், கழுவத் தண்ணீர் எல்லாம் கொடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. கிழிந்த கையுறையோடு வேலைக்கு இறங்காதீர்கள். மாற்றித் தராவிட்டால் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அந்தத் தங்கச்சி புதுக் கையுறை கேட்டு ஸ்டோர் வாசலில் நின்றார் என்று பிறகு அறிந்தோம்.

ரெட்டைச் சம்பளமா, பிள்ளையா?

"போகத்தான் ஆசை. நேரம் எங்கே?" என்பது உங்கள் கேள்வி. சட்டத்தைப் பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வுநாள். தொடர்ந்து ஷிப்டு முறையில் நடக்கும் வேலை, அவசர வேலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அன்று வேலைக்கு வா என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வருடத்தில் 11 பொது விடுமுறைகளுக்குச் சம்பளம் உண்டு. ஆண்டு விடுமுறையோ, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள்; இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 12 நாள்; அதற்கு மேல் 16 நாள். சங்க ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே செல்லும்.

நாள்கூலிக்காரர் ஓய்வுநாளில் முழுநேரம் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். இந்த ரெட்டைச் சம்பளத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையை விற்றுவிடுகிறோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியும், விலைவாசிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? மோட்டார்த் தவணை, பள்ளிச் செலவு, வாங்கிய கடன். எனவே எல்லா ஞாயிறும் வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மாதத்தில் நான்கு ஞாயிறு வருகிறது. மூன்றை விற்றாலும் ஒன்றை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம். நாம் போன பயணத்தில், பதினாலு வயது மகளின் பக்கத்தில் முழுநாள் இருந்தது இதுதான் முதல் தடவை என்று ஒரு தகப்பன் சொன்னார். அவர் நல்ல தகப்பன்; குடிக்கிற பழக்கம்கூட இல்லை. வேலைதான்.

தோட்டக் கமிட்டியினர் இதைக் கையிலெடுக்கலாம். இளைஞர் மன்றமும் கோயில் நிர்வாகமும் சேர்ந்தால் வேன் வாடகை பங்காகிவிடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: மலேசிய இயற்கைக் கழகத்தின் ஆதரவில் பள்ளிகளில் இயற்கை நேயர் மன்றம் நடத்தலாம். தேசியப் பள்ளிப் பிள்ளைகள் கூடாரம் போட்டுப் பறவை எண்ணும்போது நம் பிள்ளைகள் ஏன் வகுப்பறையிலேயே அடைந்து கிடக்க வேண்டும்? நெகிரி செம்பிலான், மலாக்கா தோழர்களுக்குப் போர்ட்டிக்சன் பக்கத்திலேயே தஞ்சோங் துவான் காடு இருக்கிறது. மார்ச் மாதவாக்கில் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டி வரும் பருந்துக் கூட்டத்தை அங்கே நின்று அண்ணாந்து பார்க்கலாம். இயற்கைக் கழகத்தார் அதற்கென்றே ஒரு விழா நடத்தி வருகிறார்கள்.

கோல சிலாங்கூர் போகிறவர்கள் கொசு மருந்தை மறக்க வேண்டாம். சதுப்புக் காட்டுக் கொசுவுக்கு நம் தோட்டத்துக் கொசு தம்பிதான். பிள்ளைகளுக்குச் சிலிப்பர் ஆகாது, பள்ளிச் சப்பாத்து போடுங்கள். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். சதுப்புக் காட்டுக்குள் போகும் பலகைப் பாலம் சில சமயம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருக்கும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மின்மினி பார்க்க நிலா இல்லாத இரவே சிறந்தது. வீட்டு நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்து அதற்கு முன்பின் வரும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். படகில் கைப்பேசி வெளிச்சம் காட்டாதீர்கள், பூச்சிகள் கலைந்துவிடும். மழை பெய்தால் சம்பானை இறக்க மாட்டார்கள். ஆகவே மாலையில் வேனை எடுப்பதற்கு முன், ஒரு தடவை தொலைபேசியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.